19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சீர்திருத்த இயக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீர்திருத்த இயக்கங்கள் என்று பன்மையில் சொல்கிறார்களே, எத்தனை இருந்தன?

எண்ணி முடியாது. அடிமை முறை ஒழிப்பு, மதுவிலக்கு, பெண்ணுரிமை, பொதுப்பள்ளி, சிறைச் சீர்திருத்தம், மனநோயாளிகளுக்கு மருத்துவமனை, 10 மணி நேர வேலை, சைவ உணவு, போர் எதிர்ப்பு, ஊரைவிட்டுத் தள்ளிப்போய் சொத்தையெல்லாம் பொதுவில் வைத்து வாழ்வது என்று நீண்டுகொண்டே போகும். பாடப்புத்தகங்களில் இவற்றைத் தனித்தனித் தலைப்பாகப் பிரித்து, தலைப்புக்கு ஒரு தலைவர், ஒரு ஆண்டு என்று கொடுத்துவிடுகிறார்கள். அப்படிப் படித்தால் தேர்வில் மதிப்பெண் வரும், விஷயம் புரியாது. ஏனென்றால் இவற்றில் ஓடியாடி வேலை செய்தவர்கள் பலர் ஒரே ஆட்கள்தான். மதுவிலக்குக் கூட்டத்தில் பேசப் பழகியவர் அடிமை ஒழிப்புக்கு மனு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார், அங்கே "பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு" என்று கேட்கப்பட்டதும் பெண்ணுரிமைக்கு வந்து சேர்ந்தார். இவர்கள் எங்கே கைகோத்தார்கள், எங்கே ஒருவரையொருவர் கைவிட்டார்கள் என்பதைத்தான் கீழே அதிகம் பார்க்கப்போகிறோம்.

ஏன் குறிப்பாக 1820, 1830-களில் கிளம்பியது?

மதத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் பிராட்டஸ்டன்ட் சபைகளில் பெரிய எழுப்புதல் அலை, அதாவது கூட்டம் கூட்டிப் பக்தியைத் தட்டியெழுப்பும் அலை, அடித்தது. சார்லஸ் ஃபின்னி போன்ற பிரசங்கிகள் மேற்கு நியூயார்க்கின் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள்; 1830-31 குளிர்காலத்தில் ராசெஸ்டர் நகரத்தில் ஃபின்னி நடத்திய கூட்டங்கள் பேர்போனவை. அவர் சொன்னது இதுதான்: யார் இரட்சிக்கப்படுவார் என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட விதி இல்லை, மனிதன் பாவத்தை விட முடிவெடுக்கலாம், இன்றைக்கே விடலாம். ஒரு ஆள் பாவத்தை இன்றைக்கே விடலாம் என்றால் ஒரு நாடும் விடலாம்தானே? அடிமை முறையைப் படிப்படியாக அல்ல, உடனே ஒழி என்ற கோஷம் இந்த மண்ணில் முளைத்ததுதான்.

ஆனால் பக்தி மட்டும் போதாது. 1825-ல் ஈரி கால்வாய் திறந்ததும் அதே மேற்கு நியூயார்க்கில் சரக்கும் ஆட்களும் குவிந்தார்கள், பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்தன. நீராவி அச்சு இயந்திரம் வந்து காகிதமும் அச்சும் மலிவானது, தபால் சேவை மூலைமுடுக்கெல்லாம் பரவியது. ஒரு சங்கம் ஆரம்பித்து, பத்திரிகை போட்டு, மனு அச்சடித்து, 500 மைல் தள்ளியிருக்கும் ஊருக்கு அனுப்புவது முதல்முறையாகச் சாதாரண ஆட்களுக்குக் கட்டுப்படியானது.

மதுவிலக்குதான் பெரிய இயக்கம் என்கிறார்களே, அவ்வளவு குடித்தார்களா?

குடித்தார்கள். 1830 வாக்கில் 15 வயதுக்கு மேற்பட்ட ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 26 லிட்டர் சுத்த ஆல்கஹால் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்குப் போடுகிறார்கள். இன்றைய அமெரிக்க அளவைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மேற்கே சோளம் அமோகமாக விளைந்தது, மலை தாண்டிச் சோளத்தைக் கொண்டுவரும் செலவு கட்டாது, விஸ்கியாகக் காய்ச்சிக் கொண்டுவந்தால் கட்டும். அதனால் விஸ்கி அடிமட்ட விலைக்குக் கிடைத்தது. வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் இடையில் முதலாளியே ஊற்றிக்கொடுப்பது வழக்கம்.

1826-ல் பாஸ்டனில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் தொடங்கியது. 1840-களின் நடுப்பகுதிக்குள் குடி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, அதுவும் பெரும்பாலும் சட்டம் போடாமலே. இதில் எனக்குப் பிடித்த கோஷ்டி வாஷிங்டனியர்கள். 1840-ல் பால்டிமோர் நகரத்துச் சாராயக் கடை ஒன்றில் கூடிக் குடித்துக்கொண்டிருந்த ஆறு நண்பர்கள் இனி தொடுவதில்லை என்று சபதம் எடுத்து ஆரம்பித்தது. பாதிரியார் கிடையாது, பிரசங்கம் கிடையாது. குடித்துக் கெட்டவரே மேடையேறித் தன் கதையைச் சொல்வார், கேட்பவர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

அப்புறம்தான் சட்டத்துக்கு ஆசை வந்தது. 1851-ல் மெய்ன் மாநிலம் மதுவிலக்குச் சட்டம் போட்டது. அதன் தந்தை போர்ட்லண்ட் நகர மேயர் நீல் டோ. அதே டோ 1855-ல் மருந்துக்கென்று நகராட்சிக் கட்டடத்தில் மது வாங்கி வைத்திருப்பது வெளியே தெரிந்து, கூட்டம் கூடி, படையினர் சுட்டு, ஒருவர் செத்தார். சட்டத்தின் பின்னால் இன்னொரு விஷயமும் இருந்தது: புதிதாக வந்திறங்கிய ஐரிஷ், ஜெர்மன் கத்தோலிக்கர்கள்மீதான வெறுப்பு. யாருடைய குடி கண்ணை உறுத்தியது என்று பார்த்தாலே தெரியும்.

பெண்கள் ஏன் மதுவிலக்கில் இவ்வளவு பேர் இருந்தார்கள்?

அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண்ணின் சம்பளமும் சொத்தும் கணவனுடையது. அவன் அதைக் குடித்துத் தீர்த்தால் அவளால் கேள்வி கேட்க முடியாது. பிரிந்துபோனால் பிள்ளைகள் அவனிடம். இதை வெறும் ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்த்தால் தப்பு, அவர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. 1873-74 குளிர்காலத்தில் ஒஹாயோவின் ஹில்ஸ்பரோ போன்ற ஊர்களில் பெண்கள் கூட்டமாகச் சாராயக் கடைக்குள் போய் மரத்தூள் தரையில் முழங்கால் போட்டு ஜெபம் செய்தார்கள். 1874-ல் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் உருவானது. 1879-ல் தலைமைக்கு வந்த பிரான்சஸ் வில்லர்ட் அதை மதுவோடு நிறுத்தவில்லை. மழலையர் பள்ளி, 8 மணி நேர வேலை, பெண்களுக்கு வாக்குரிமை என்று எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தார். அவரைப் பற்றி இன்னொரு கேள்வியில் அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியாது.

அடிமை ஒழிப்பைத் தொடங்கியது வில்லியம் லாயிட் கேரிசன்தானே?

இல்லை. 1831 ஜனவரி 1-ல் பாஸ்டனில் கேரிசன் 'லிபரேட்டர்' பத்திரிகையைத் தொடங்கினார், 1865 வரை விடாமல் நடத்தினார், உண்மை. ஆனால் அந்தப் பத்திரிகையை ஆரம்பத்தில் சந்தா கட்டி உயிரோடு வைத்திருந்தது பெரும்பாலும் வடக்கு நகரங்களின் சுதந்திரக் கறுப்பின மக்கள். அவர்கள் அதற்கு முன்பே களத்தில் இருந்தார்கள். அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் என்று 1816-ல் ஒன்று தொடங்கியது. விடுதலையான கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுவோம் என்பது அதன் திட்டம், பெரிய மனிதர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் கூடி, "நாங்கள் எங்கும் போவதாக இல்லை" என்று எதிர்த்தார்கள்.

1829-ல் பாஸ்டனில் டேவிட் வாக்கர் என்ற பழைய துணி வியாபாரி ஒரு துண்டுநூல் வெளியிட்டார். அடிமைகள் எதிர்த்து நிற்கும் உரிமையைப் பளிச்சென்று பேசிய நூல். தெற்கே எப்படி அனுப்புவது? துறைமுகத்துக்கு வரும் மாலுமிகள் அவர் கடையில்தான் துணி வாங்குவார்கள். அந்த உடுப்புகளுக்குள் வைத்துத் தைத்து அனுப்பினார் என்பார்கள். தென் மாநிலங்கள் பதறிப்போய் அந்த நூலுக்குத் தடைச் சட்டம் போட்டன. அடுத்த ஆண்டே வாக்கர் இறந்துபோனார். கேரிசன் வாக்கரின் வழிமுறையை ஏற்கவில்லை, அவர் அகிம்சைக்காரர், ஆனால் குடியேற்றத் திட்டம் மோசடி என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது இந்த மக்கள்தான்.

வடக்கு மாநிலங்கள் ஒழிப்பை ஆதரித்தன, தெற்கு எதிர்த்தது. சரியா?

பாதி சரி. வடக்கில் ஒழிப்பாளர்கள் மிகச் சிறிய, பலரும் வெறுத்த கூட்டம். 1835-ல் பாஸ்டனில் கேரிசனைக் கயிறு கட்டித் தெருவில் இழுத்தார்கள். அவரைக் காப்பாற்ற நகராட்சி கண்ட வழி சிறையில் போடுவது. கனெக்டிகட்டில் புரூடன்ஸ் கிராண்டல் என்ற ஆசிரியை 1833-ல் கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அதைத் தடுக்கவே மாநிலம் தனிச் சட்டம் போட்டது, 1834-ல் கும்பல் ஜன்னல்களை உடைத்ததும் அவர் மூட வேண்டியதாயிற்று. 1837-ல் இலினாய் மாநிலத்தின் ஆல்டன் ஊரில் பத்திரிகையாசிரியர் எலைஜா லவ்ஜாய் தன் அச்சு இயந்திரத்தைக் காக்கப்போய் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதையெல்லாம்விட ஃபிலடெல்ஃபியா கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்டம் போட யாரும் மண்டபம் தருவதில்லை என்பதால் ஒழிப்பாளர்கள் பங்குப்பணம் திரட்டித் தாங்களே பென்சில்வேனியா ஹால் என்று ஒரு பெரிய மண்டபம் கட்டினார்கள். 1838 மே 14 அன்று திறப்பு. மே 16 மாலை ஆஞ்சலினா கிரிம்கே பேச எழுந்தார். தென் கரோலினாவில் அடிமைகளை வைத்திருந்த பணக்காரக் குடும்பத்தின் பெண், அந்த வாழ்க்கை பிடிக்காமல் அக்கா சாராவைப் போலவே வடக்கே வந்தவர், இரண்டு நாளுக்கு முன்புதான் கல்யாணம் ஆகியிருந்தது. வெளியே கும்பல் கத்துகிறது, கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுகிறது. அவர் நிறுத்தவில்லை, இந்தக் கல்லெல்லாம் ஒரு பொருட்டா, அடிமைகள் தினமும் படுவதோடு பார்த்தால் இது என்ன என்ற பாணியில் அந்தச் சத்தத்தையே தன் பேச்சுக்குள் இழுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். மறுநாள் அந்த மண்டபத்தில் மாநாடு நடத்திய ஒழிப்பாளர் பெண்கள், வெள்ளையரும் கறுப்பினத்தவருமாகக் கைகோத்துக் கும்பலுக்கு நடுவே வெளியேறினார்கள். அன்று மாலை மேயர் மண்டபத்தின் சாவியை வாங்கிக்கொண்டு, கூட்டம் ரத்து, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று கும்பலிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கும்பல் கதவை உடைத்துத் தீ வைத்தது. தீயணைப்பு வண்டிகள் வந்தன, பக்கத்துக் கட்டடங்களுக்கு மட்டும் தண்ணீர் அடித்தன. திறந்து நாலே நாளில் மண்டபம் சாம்பல்.

வாக்குரிமையே இல்லாத பெண்களால் உண்மையில் என்ன செய்ய முடிந்தது?

மனு போட முடிந்தது. இது லேசான வேலையாகத் தெரியலாம், இல்லை. மாநிலங்களுக்குள் அடிமை முறையைத் தொட காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அதிகாரம் இல்லை என்பது அன்றைய பொதுவான வாதம், ஆனால் தலைநகர் வாஷிங்டன் காங்கிரசின் நேரடி ஆட்சியில் இருந்தது. அங்கே அடிமை வியாபாரத்தை நிறுத்து என்று மனு மேல் மனு. பெண்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கினார்கள், தாள்களை ஒட்டி நீளமாக்கிச் சுருட்டி அனுப்பினார்கள். 1837-38-ல் மட்டும் 4 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துகள் போயின.

காங்கிரசின் பிரதிநிதிகள் சபை என்ன செய்தது தெரியுமா? 1836-ல் ஒரு விதி கொண்டுவந்தது: அடிமை முறை பற்றிய மனு எது வந்தாலும் படிக்காமல், விவாதிக்காமல் ஓரமாக வைத்துவிட வேண்டும். இதுதான் தப்புக் கணக்கு. அடிமைகளைப் பற்றிக் கவலையே படாத வடக்கத்தியர்கள்கூட "என் மனுவை வாங்க மாட்டாயா" என்று கோபப்பட்டார்கள். முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்போது சாதாரண உறுப்பினராகச் சபையில் இருந்தார். வயது எழுபது நெருங்கியவர், தினமும் எழுந்து ஏதாவது ஒரு சாக்கில் மனுவை உள்ளே நுழைக்கப் பார்ப்பார். ஒருமுறை, அடிமைகளே எழுதியதாகச் சொல்லி என்னிடம் ஒரு மனு இருக்கிறது, இது விதிக்குள் வருமா என்று சபாநாயகரை அப்பாவியாகக் கேட்டார். சபை கொந்தளித்து அவரைக் கண்டிக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. அப்புறம்தான் சொன்னார், அந்த மனு அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை, நேர்மாறாகக் கேட்கிறது என்று. கடைசியில் 1844 டிசம்பரில் அந்த விதி ஒழிந்தது.

'நிலத்தடி ரயில்பாதை' என்பது நிஜ ரயிலா?

இல்லை. தப்பி வரும் அடிமைகளை வீடு மாற்றி வீடு ஒளித்து வடக்குக்கும் கனடாவுக்கும் கடத்திய ஆட்களின் தொடர்புக்கு வைத்த பெயர். படகு, வண்டி, நடைபயணம், சில சமயம் நிஜ ரயிலும். ஹாரியட் டப்மன் 1849-ல் மேரிலாந்திலிருந்து தப்பினார், பிறகு ஏறத்தாழ 13 முறை திரும்பிப் போய் சுமார் 70 பேரை அழைத்து வந்தார். (300 பேர், 19 பயணம் என்று இணையத்தில் சுற்றும் கணக்கு பழைய மிகை.)

தப்பியவர்களைப் பிடித்து எஜமானர்களிடம் திருப்பித்தரச் சொல்லி 1850-ல் வந்த தப்பிய அடிமைகள் சட்டம் நிலைமையை மோசமாக்கியது. பிடிபட்டவர் அடிமைதான் என்று தீர்ப்புச் சொன்னால் விசாரித்த ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். எழுதுகிற வேலை அதிகம், அதனால் கூடுதல் கட்டணம் என்று ஒரு நொண்டிச் சமாதானம் வேறு.

ஃபிலடெல்ஃபியா ஒழிப்புச் சங்க அலுவலகத்தில் வில்லியம் ஸ்டில் என்ற கறுப்பின எழுத்தர் வந்தவர்களின் பெயர், ஊர், குடும்பம் எல்லாவற்றையும் பதிவு செய்துவந்தார். 1850-ல் அலபாமாவிலிருந்து பீட்டர் என்பவர் வந்தார், சிறு வயதில் பிரிந்த அப்பா அம்மாவைத் தேடுவதாகச் சொன்னார். ஸ்டில் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே வருகிறார், பெற்றோர் பெயரைக் கேட்டதும் பேனா நின்றது. எதிரே உட்கார்ந்திருப்பது அவருடைய சொந்த அண்ணன். இப்படிக் குடும்பங்கள் ஒன்றுசேர உதவும் என்றுதான் ஆபத்தான அந்தக் காகிதங்களை அவர் பாதுகாத்து வைத்தார், 1872-ல் நூலாகவும் வெளியிட்டார்.

செனகா ஃபால்ஸ் மாநாடு எப்படி நடந்தது?

அவசர அவசரமாக. 1840-ல் லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு நடந்தது. அமெரிக்காவிலிருந்து பிரதிநிதிகளாகப் போன பெண்களைச் சபையில் உட்கார விடவில்லை, ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொன்னார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட லுக்ரீஷியா மாட் என்பவரும், கணவரோடு போயிருந்த எலிசபெத் கேடி ஸ்டான்டனும் அங்கேதான் பழகினார்கள். எட்டு வருடம் கழித்து, 1848 ஜூலையில், வாட்டர்லூ என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் டீ குடிக்க ஐந்து பெண்கள் கூடியபோது பேச்சு சூடாகி, உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டார்கள். பத்து நாளில் மாநாடு.

ஜூலை 19 காலை போய்ப் பார்த்தால் வெஸ்லியன் தேவாலயம் பூட்டியிருந்தது. ஸ்டான்டனின் உறவுப் பையன் ஒருவனை ஜன்னல் வழியாகத் தூக்கி உள்ளே விட்டுக் கதவைத் திறந்தார்கள். முதல் நாள் பெண்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தும் ஆண்கள் வந்து நின்றார்கள், சரி இருங்கள் என்று விட்டுவிட்டார்கள். வந்தது சுமார் 300 பேர். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் நடையிலேயே ஒரு பிரகடனம், மன்னரைக் குற்றம் சொன்ன இடத்தில் ஆண்களைப் போட்டு. அதில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள்.

தீர்மானங்களில் ஒன்றே ஒன்றுதான் தடுமாறியது: வாக்குரிமை. லுக்ரீஷியா மாட் அவர்களுக்கே தயக்கம், நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று. அதைத் தூக்கி நிறுத்தியது அங்கே இருந்த ஒரே கறுப்பின மனிதரான ஃபிரெடரிக் டக்ளஸ், மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838-ல் தப்பி வந்து ராசெஸ்டரில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர். கறுப்பினப் பெண் ஒருவர்கூட அங்கே இருந்ததாகத் தெரியவில்லை, இதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சோஜர்னர் ட்ரூத் "நான் பெண் இல்லையா?" என்று கேட்ட பேச்சு உண்மையா?

பேச்சு உண்மை, அடிமையாக இருந்து விடுபட்ட கறுப்பினப் பேச்சாளரான ட்ரூத் 1851-ல் ஒஹாயோவின் ஆக்ரனில் பேசியது. அந்த வரிதான் சந்தேகம். பேசிய ஒரு மாதத்துக்குள் வெளியான பத்திரிகைப் பதிவில் அது கிடையாது. 12 வருடம் கழித்து 1863-ல் ஃபிரான்சஸ் கேஜ் எழுதிய வடிவத்தில்தான் வருகிறது, அதுவும் தெற்கத்திய அடிமைகளின் பேச்சுவழக்காக எழுதப்பட்டு. ட்ரூத் பிறந்து வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தில், சிறுவயதில் பேசியது டச்சு மொழி! ஒரு கறுப்பினப் பெண் இப்படித்தான் பேசுவார் என்று வெள்ளைக்காரத் தோழி ஒருவர் நினைத்ததைத்தான் நாம் இன்று மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். 1851 பதிவே அருமையாக இருக்கிறது: எந்த ஆணுக்கும் சமமாக உழுதேன், அறுத்தேன், சுமந்தேன், சாப்பாடு கிடைத்தால் சமமாகச் சாப்பிடவும் செய்வேன் என்கிறார்.

அடிமை முறையை வைத்து வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பினத் தலைவர்களும் பெண்ணுரிமைத் தலைவர்களும் ஏன் முட்டிக்கொண்டார்கள்?

1865-ல் அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது, சுமார் 40 லட்சம் பேர் விடுதலை. அடுத்து யாருக்கு வாக்கு என்ற கேள்வி. 15-ஆவது திருத்தம் இனத்தின் பேரில் வாக்கை மறுக்கக் கூடாது என்றது, பாலினம் பற்றி மௌனம். ஸ்டான்டனும் அவருடைய பெண்ணுரிமை இயக்கத் தோழி சூசன் ஆன்டனியும் இதை எதிர்த்தார்கள். எதிர்த்ததோடு நிற்கவில்லை: படிக்காத கறுப்பின ஆணும், வந்திறங்கிய வெளிநாட்டானும் படித்த பெண்களுக்குச் சட்டம் எழுதுவதா என்று ஸ்டான்டன் எழுதியவை இன்று படித்தாலும் முகம் சுளிக்க வைக்கும். அவர்கள் பத்திரிகைக்குப் பணம் கொடுத்தவர் வெளிப்படையான இனவெறிப் பேச்சாளர்.

1869 மே மாதம் நியூயார்க் கூட்டத்தில் டக்ளஸ் எழுந்து, பெண் என்ற காரணத்துக்காகவே பெண்களை வீட்டிலிருந்து இழுத்து விளக்குக் கம்பத்தில் தொங்கவிடும் நாள் வந்தால் அப்போது உங்களுக்கும் இதே அவசரம் இருக்கும் என்றார். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: கறுப்பினப் பெண்ணுக்கு அது நடக்கவில்லையா? நடக்கிறது, ஆனால் அவள் பெண் என்பதால் அல்ல, கறுப்பி என்பதால், என்றார் டக்ளஸ். பெண்ணுரிமை இயக்கம் அந்த ஆண்டே இரண்டாக உடைந்தது, 1890 வரை ஒட்டவில்லை. என்னைக் கேட்டால் வாதத்தில் டக்ளஸ் பக்கம் நியாயம் அதிகம். ஆனால் அந்தக் குரல் கேட்ட கேள்விக்கு அவர் பதிலும் போதாது.

சிறை, பள்ளி, மனநல மருத்துவமனை பற்றியெல்லாம்?

பள்ளி பற்றிச் சுருக்கமாக: ஹொரஸ் மான் 1837-ல் மாசச்சூசெட்ஸ் கல்வி வாரியச் செயலரானார், வரிப்பணத்தில் பொதுப்பள்ளி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று அடித்தளம் போட்டார், 1852-ல் அந்த மாநிலம் கட்டாயக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது.

டொரோத்தியா டிக்ஸ் 1841-ல் கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறையில் பெண் கைதிகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கப் போனார். குற்றமே செய்யாத மனநோயாளிகளைக் குளிரில் கணப்பு இல்லாத அறையில் அடைத்திருப்பதைப் பார்த்தார். பிறகு மாநிலம் முழுக்கச் சிறைகளையும் ஏழை விடுதிகளையும் சுற்றி, கூண்டு, நிலவறை, சங்கிலி, அடி என்று ஊர் பெயரோடு எழுதி 1843-ல் சட்டசபைக்கு அறிக்கை கொடுத்தார். வேறு பல மாநிலங்களிலும் இதையே செய்து மருத்துவமனைகள் கட்டவைத்தார். 1854-ல் இதற்காக அரசு நிலம் ஒதுக்கும் மசோதா காங்கிரசில் நிறைவேறியும் ஜனாதிபதி பியர்ஸ் ரத்து செய்தார். ஒரு குறிப்பு: தெற்கிலும் மருத்துவமனை வேண்டும் என்பதற்காக டிக்ஸ் அடிமை முறை பற்றி வாயே திறக்கவில்லை.

சிறைக்கு உதாரணம் ஃபிலடெல்ஃபியாவின் கிழக்கு மாநிலச் சிறை, 1829. கைதியைத் தனி அறையில் பைபிளோடு விட்டால் மனம் திருந்துவான் என்று நல்ல மனிதர்கள் நம்பிக் கட்டியது. வெளியே நடத்திப்போகும்போது யாரையும் பார்க்கக் கூடாதென்று முகமூடி போட்டார்கள். பலருக்குப் புத்தி பேதலித்ததுதான் மிச்சம்.

தொழிலாளர்கள் பக்கம் என்ன நடந்தது?

மாசச்சூசெட்ஸின் லோவல் நகரத்துப் பருத்தி ஆலைகளில் நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்கு) கிராமத்துப் பெண்கள் ஒரு நாளைக்கு 12, 13 மணி நேரம் மணியோசைக்கு வேலை செய்தார்கள். 1834-ல் கூலியைக் குறைத்தபோது வெளிநடப்பு, 1836-ல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது மறுபடியும். 1845-ல் சாரா பேக்லி தலைமையில் 10 மணி நேர வேலை கேட்டு மனு போட்டு, சட்டசபைக் குழு முன் சாட்சியும் சொன்னார்கள். குழு, இது எங்கள் வேலை இல்லை என்று கைகழுவியது. அவர்கள் நூற்ற பருத்தி எங்கே விளைந்தது? தெற்கே, அடிமைகளின் வயலில். பாஸ்டன் ஆலை முதலாளிகள் ஒழிப்பாளர்களை ஏன் வெறுத்தார்கள் என்று இனி விளக்க வேண்டாம்.

நல்லது செய்கிறேன் என்று கெடுத்த சீர்திருத்தம் உண்டா?

உண்டு, பெரிய அளவில். பூர்வகுடிகளுக்கு நடந்த அநியாயங்களைத் தொகுத்து ஹெலன் ஹண்ட் ஜாக்சன் 1881-ல் எழுதிய நூல் மனசாட்சியைத் தொட்டது. ஆனால் பூர்வகுடிகளின் நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் கண்ட தீர்வு, அவர்களை வெள்ளையர்போல ஆக்குவது. 1887-ன் டாஸ் சட்டம் குலத்தின் பொது நிலத்தைத் துண்டுபோட்டுக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று கொடுத்தது, மிஞ்சியதை வெளியாருக்கு விற்றது. 13.8 கோடி ஏக்கராக இருந்த நிலம் 1934-ல் 4.8 கோடி. 1879-ல் தொடங்கிய கார்லைல் பள்ளியில் பிள்ளைகளுக்கு முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். இதை நடத்தியவர்களில் பழைய அடிமை ஒழிப்புக்காரர்களும் இருந்தார்கள்.

பிரான்சஸ் வில்லர்டைப் பற்றி என்ன சொல்ல வந்தீர்கள்?

1892-ல் மெம்ஃபிஸ் நகரத்தில் மளிகைக் கடை நடத்திய மூன்று கறுப்பின ஆண்களைக் கும்பல் கொன்றது. அவர்களின் தோழி, பத்திரிகையாளர் ஐடா வெல்ஸ், இத்தகைய கொலைகளுக்குச் சொல்லப்படும் 'வெள்ளைப் பெண்ணின் மானம்' என்ற காரணம் பெரும்பாலும் பொய் என்று எழுதினார். அவர் அலுவலகத்தை நொறுக்கினார்கள். வில்லர்டோ ஒரு பேட்டியில், குடித்த கறுப்பின ஆண்களால் தெற்கில் பெண்களுக்கும் வீட்டுக்கும் ஆபத்து என்று பேசியிருந்தார், அவருடைய சங்கத்துக்குத் தெற்கத்திய உறுப்பினர்கள் வேண்டுமே. 1894-ல் பிரிட்டனில் வில்லர்ட் பெரிய விருந்தாளியாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, வெல்ஸ் அங்கே போய் அந்தப் பேட்டியை மறுபடி அச்சில் போட்டார்.

நம் பக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியாகவே. அதே எழுப்புதல் சூழலில் மாசச்சூசெட்ஸில் 1810-ல் உருவான அமெரிக்க மிஷன்தான் 1816-ல் யாழ்ப்பாணம் வந்தது. வட்டுக்கோட்டை செமினரி (1823), உடுவில் பெண்கள் பள்ளி (1824), மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டாக்டர் கிரீன் எல்லாம் அதன் வழி. 1834-ல் மதுரைக்கும் வந்தார்கள். இதே மிஷன் அமெரிக்காவில் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை வெளியேற்றுவதை எதிர்த்தது, ஆனால் அடிமை முறையைக் கண்டிப்பதில் இழுத்தடித்ததால் கோபப்பட்டவர்கள் 1846-ல் தனி மிஷன் தொடங்கினார்கள். மராட்டியத்தில் ஜோதிராவ் புலே 1873-ல் தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

ஒரே ஒருவரைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் யார்?

ஃபிரான்சஸ் எலன் வாட்கின்ஸ் ஹார்ப்பர். 1825-ல் பால்டிமோரில் சுதந்திரக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த கவிஞர். 1850-களில் அடிமை ஒழிப்புப் பேச்சாளராக ஊர் ஊராகப் போனார், பிறகு மதுவிலக்குச் சங்கத்தில் கறுப்பினப் பெண்களுக்கான பிரிவை நடத்தினார், வாக்குரிமைக்கும் பேசினார். 1866-ல் நியூயார்க் பெண்ணுரிமை மாநாட்டில் தன் கதையைச் சொன்னார்: கணவர் கடனோடு இறந்ததும் ஒஹாயோ பண்ணையில் எல்லாவற்றையும் ஜப்தி செய்தார்கள், தான் வெண்ணெய் விற்றுப் பிழைத்த பால் பானைகளையும் துணி துவைக்கும் தொட்டியையும்கூட. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டும் விட்டுவைத்தார்கள். நான் செத்து அவர் இருந்திருந்தால் யாராவது வந்து அவர் படுக்கையை விற்றிருப்பார்களா என்று கேட்டார். பெண்ணுரிமைக்காரர்கள் கைதட்டியிருப்பார்கள். அதே மூச்சில் அவர்கள் பக்கம் திரும்பி, ரயிலிலும் டிராமிலும் கறுப்பினப் பெண்ணை உட்கார விடாத நாட்டில் வாக்கு கிடைத்ததும் வெள்ளைப் பெண்கள் எல்லாம் பனித்துளிபோல் சுத்தமாகிவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை என்றார். 1869 பிளவில் அவர் டக்ளஸ் பக்கம் நின்றார், 1896-ல் கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார், 1911-ல் இறந்தார்.